ஐ.டி ‘பெஞ்ச்’: சம்பளம் வருது, வேலை இல்லை... அப்புறம் ஏன் பயம்?

திங்கட்கிழமை காலை. ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் ஊர்ந்து ஆபீஸ் போய், ஐ.டி கார்டைத் தட்டி, லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். மீட்டிங் இல்லை. டிக்கெட் இல்லை. வெள்ளிக்கிழமையோடு புராஜெக்ட் முடிந்துவிட்டது. “சும்மா இருக்க சம்பளமா? செம ஜாலி மச்சி!” என்கிறான் நண்பன். உங்களுக்கோ அன்றிலிருந்தே சரியாகத் தூக்கம் இல்லை. இதுதான் ‘பெஞ்ச்’.

பெஞ்ச் என்றால் என்ன?

டி.சி.எஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், கடைச் சங்கிலிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கின்றன. பல ஒப்பந்தங்களில், ஊழியர் வேலை பார்த்த நேரத்துக்கு இவ்வளவு என்று கிளையன்ட்டுக்கு பில் போகும். அப்படி பில் போகிறவர் ‘பில்லபிள்’. புராஜெக்ட் இல்லாதவர் பெஞ்ச். அவருக்கும் சம்பளம் உண்டு. ஆனால், அவர் கணக்கில் கம்பெனிக்கு வருமானம் இல்லை.

பிறகு ஏன் பெஞ்ச் வைத்திருக்கிறார்கள்?

தேவை என்பதால்தான். புது ஒப்பந்தம் கிடைத்ததும் ‘உடனே ஆள் வேண்டும்’ என்பார் கிளையன்ட். வெளியிலிருந்து ஆள் எடுத்தால், அவர் பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் முடித்து வரவே 90 நாட்கள் ஆகலாம். ஆக, டிப்போவில் நிற்கும் ஸ்பேர் பஸ் மாதிரிதான் பெஞ்ச்.

எத்தனை சதவீதம் பேர் பில்லிங்கில் இருக்கிறார்கள் என்பதை ‘யூட்டிலைசேஷன்’ என்பார்கள். இன்ஃபோசிஸ் காலாண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பயிற்சியில் இருப்பவர்களைச் சேர்க்காமலே இது சமீப ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல். 100 கிடையாது. எல்லோரும் எல்லா நாளும் பில்லிங்கில் இருப்பது இந்தத் தொழிலில் நடக்காத காரியம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

பொறுமை குறைந்திருக்கிறது. 2025 ஜூனில் டி.சி.எஸ் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 225 வேலைநாட்கள் பில்லிங்கில் இருக்க வேண்டும். பெஞ்ச் 35 நாட்களைத் தாண்டக் கூடாது. வாரம் 5 நாள், 52 வாரம் என்றால் 260 நாள். அதில் 225 போனால் மிச்சம் 35. அடுத்த மாதமே, சுமார் 2 சதவீத ஊழியர்களை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்.

உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

ஆட்களைப் புராஜெக்ட்டுக்கு ஒதுக்கும் ஆர்.எம்.ஜி பிரிவிலிருந்து போன் வரும். “புனேல ஒரு ஓப்பனிங், போறீங்களா?” வீட்டு லோன் இங்கே, பிள்ளையின் ஸ்கூல் இங்கே. ‘முடியாது’ என்றால் அது பதிவாகும். அல்லது ஜாவாவில் பத்து வருஷம் வேலை பார்த்தவரை நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள். சொந்தக் கம்பெனிக்குள்ளேயே மறுபடி மறுபடி இன்டர்வியூ.

12 வருட அனுபவம் உள்ளவருக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். அவர் சம்பளத்தில் ஃபிரெஷர்கள் சிலரை எடுக்கலாம். புராஜெக்ட் பட்ஜெட் போடுகிற மேனேஜர் அதைத்தான் பார்ப்பார். ‘எனக்குத் திறமை போதலையோ’ என்று அவர் உள்ளுக்குள் நொறுங்குவார். பல நேரம் காரணம் திறமை இல்லை, ரேட்.

என்ன செய்யலாம்?

* புராஜெக்ட் முடியும் தேதி தெரிந்த அன்றே தேட ஆரம்பியுங்கள். போர்ட்டலை மட்டும் நம்பாமல், பழைய மேனேஜர்களுக்கு நேரடியாகப் பேசுங்கள்.

* எந்த ஓப்பனிங் வந்தது, ஏன் அமையவில்லை என்பதெல்லாம் மெயிலில் இருக்கட்டும். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

* ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் ஆகியவற்றின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். திடீரென்று லாகின் நின்றுபோனால் எடுக்க முடியாது.

* “நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்ட் கிளீனா இருக்கும்” என்றால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே விலகியதாகப் பதிவானால், பிறகு ஆட்குறைப்பு என்று வாதிடுவது கடினம். நேரம் கேளுங்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

* ஐ.டி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று: வீட்டில் சொல்லிவிடுங்கள். வழக்கம்போல பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் “இன்னைக்கு செம வேலை” என்று சொல்கிறவர்கள் நிறைய பேர். புராஜெக்ட்டை முடித்தது கிளையன்ட். நீங்கள் தப்பு எதுவும் செய்துவிடவில்லை. இந்த மாதம் எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேச, அவர்களுக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும்.