பன்றி இறைச்சியும் வாங்குவோர் மனமும்

மதுரைச் சீமையில் ஆடும் கோழியும் விலைபோவதைப் போலப் பன்றி இறைச்சி விலைபோவதில்லை. இஸ்லாமிய அன்பர்கள் தம் மார்க்க விதிப்படி அதனை விலக்குகின்றனர். புலால் உண்ணாதார் நெறியும் நாம் அறிந்ததே. இவை மதித்தற்குரியன. ஆனால், மற்ற இறைச்சிகளை விரும்பி உண்போரும் இதற்கு முகஞ்சுளிப்பதேன்? "அது கண்டதைத் தின்னும் பிராணி" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஆகவே அருவருப்பு பிராணியின் மேலன்று, அது வளரும் விதத்தின் மேலேயாம்.

நம் முன்னோர் இப்பிராணியை ஒதுக்கிவிடவில்லை. குழியில் நிறுத்தி, மாவூட்டிக் கொழுக்கவைத்த பன்றியின் இறைச்சியைப் பெரும்பாணாற்றுப்படை விருந்துணவாகக் கூறுகின்றது. தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகி வந்து பாலூட்டியதைத் திருவிளையாடற் புராணம் சொல்லுகின்றது.

எனினும் இன்றைய அச்சம் காரணமற்றதன்று. மனிதர் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறுகின்றன. வெளியில் திரிந்து அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அவை சிறு கட்டிகளாகின்றன. சரிவர வேகாத அவ்விறைச்சியை உண்பவர் குடலில் மீண்டும் புழு வளர்கின்றது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. அம்முட்டைகள் கழுவாத கை, கீரை, காய்கறி வழியே உட்சென்றால், மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். பன்றி இறைச்சியைத் தொட்டறியாதவரும் இதற்குத் தப்பார். வேலூர் மாவட்டத்தில் நிகழ்ந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இதுவே காரணம் எனக் கண்டது. எனவே கழிப்பிட வசதியும், பன்றியைக் கொட்டிலில் அடைத்தலும், கீரை பயிரிடும் நம் அங்கத்தினர்க்கும் சொந்த விஷயங்களேயாகும்.

முறையான வளர்ப்பு அரிதன்று. கழுவி விடத்தக்க தரை, நிழல், நல்ல நீர் ஆகியவை வேண்டும். பெரிய வெள்ளை யார்க்ஷயர் இனத்துப் பெண்பன்றி 114 நாள் சினையிருந்து, ஓர் ஈற்றில் 8 முதல் 12 குட்டிகள் வரை ஈனும். குட்டிகளை 8 வாரத்தில் பால் மறக்கச் செய்யலாம். தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோளம் நல்ல தீவனங்கள். உணவு விடுதிகளில் மிஞ்சுவதை இடுவோர் அதனை நன்கு கொதிக்கவைத்தே இடுதல் வேண்டும். 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இத்தகைய எச்சில் உணவாலும் பரவக்கூடியது. அது மனிதரைப் பற்றாது. ஆனால் பன்றிகளுக்கு அதனைத் தீர்க்கும் மருந்தில்லை.

இவ்வளவு செய்தும், கொட்டிலில் வளர்ந்ததா, சாக்கடையோரம் திரிந்ததா என்று கடையில் தொங்கும் இறைச்சியைக் கண்டு வாங்குவோர் அறிய இயலாது. அதனால் ஒழுங்காக வளர்ப்பவரும் சந்தேகத்துக்கு ஆளாகின்றார். தனியொருவர் இதனை மாற்றுதல் அரிது. கைத்தறித் துணிக்குச் சங்க முத்திரை நம்பிக்கை தருவது போல, இதற்கும் கூட்டுப் பொறுப்பே துணையாகும். பன்றிகளை வெளியில் விடுவதில்லை என்ற உறுதி, கால்நடை மருத்துவரின் பரிசோதனை, அனுமதி பெற்ற கூடத்தில் வெட்டுதல், வாங்குவோர் எப்போதும் வந்து பார்க்கத் திறந்த கொட்டில் என்னும் நான்கையும் வளர்ப்போர் ஒன்றுகூடி மேற்கொள்ளலாம்.

உண்பதும் உண்ணாமையும் அவரவர் விருப்பம். உண்பவர் அச்சமின்றி உண்ணவும், உண்ணாதவர் நோயின்றி வாழவும் வழி ஒன்றே. அதனை அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக.