சர்க்கரைக்கு குரோமியம் மாத்திரை... அவசியமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரத்திலேயே உறவினர் யாராவது ஒரு டப்பாவை நீட்டிவிடுவார்கள். 'குரோமியம் பிகோலினேட்... சர்க்கரை சட்டென இறங்குமாம்!' எவர்சில்வர் டம்ளரைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றும் அதே உலோகம்தான் குரோமியம். அதற்கும் ரத்தச் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கிளாஸ் ஷ்வார்ஸ், வால்டர் மெர்ட்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் வளர்த்த எலிகளுக்கு ஏறிய சர்க்கரை சீக்கிரம் இறங்கவில்லை. பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்டைக் கொடுத்ததும் சரியானது. ஈஸ்ட்டில் இருந்த குரோமியம்தான் காரணம் என்று 1959-ல் அறிவித்தார்கள்.

1977-ல் கனடாவிலிருந்து வந்த தகவல் இன்னும் ஆச்சர்யம். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டச்சத்து பெற்றுவந்த ஒரு பெண்ணுக்கு எடை குறைந்தது, நரம்புகள் பாதிக்கப்பட்டன, சர்க்கரை ஏறியது. இன்சுலின் போட்டும் முழுதாகச் சரிப்படவில்லை. திரவத்தில் தினமும் 250 மைக்ரோகிராம் குரோமியம் சேர்த்தார்கள். இரண்டே வாரங்களில் நல்ல மாற்றம். பிறகு இன்சுலினே தேவைப்படவில்லை.

இதைத்தான் மாத்திரை விற்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால், அந்தப் பெண் வாய்வழியாகச் சாப்பிடவே இல்லை என்பதைச் சொல்வதில்லை.

வாய்வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு தேவை? அமெரிக்க நிபுணர் குழு 2001-ல் சொன்ன அளவு, ஆண்களுக்கு 35 மைக்ரோகிராம், பெண்களுக்கு 25. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். முழு தானியம், இறைச்சி, புரோக்கோலி, திராட்சைச் சாறு என்று அன்றாடச் சாப்பாட்டிலேயே இது கிடைத்துவிடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்தால் அதிலிருந்தும் துளி இறங்கும்!

அந்தப் பழைய எலிகள் மீதும் பிறகு சந்தேகம் எழுந்தது. அவை இருந்தது உலோகக் கூண்டில். கம்பியைக் கடித்தே குரோமியம் தின்றிருக்கலாமே? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2014-ல், குரோமியம் உடலுக்கு அத்தியாவசியம் என்பதற்கே போதிய ஆதாரமில்லை என்று கூறிவிட்டது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது, பலருக்கு ஒன்றுமில்லை. வழக்கமான சிகிச்சையாக அமெரிக்க நீரிழிவு சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமியம் வேறு வடிவம், நஞ்சு. உணவில் இருப்பது அதுவல்ல என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

கவலை வேறு இடத்தில். டப்பாவை நம்பி டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினோடு சேர்த்து இதையும் எடுத்தால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். அதிக அளவில் விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரையுடன் சேர்த்துப் போட்டால் அந்த மருந்து உடலில் சேர்வது குறையும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லலாம்.