கயிறு கட்டாத ஒருவன் போதும்

சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. தென் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவனின் மணிக்கட்டைப் பார்த்தாலே அவன் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். கேட்டால் ‘சாமிக் கயிறு சார்’ என்பான். ஆனால் யாரை விளையாட்டு அணியில் சேர்ப்பது, மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்பதையெல்லாம் அந்த நிறம்தான் முடிவு செய்கிறது. 2019-ல் பயிற்சி ஐஏஎஸ் அதிகாரிகள் இதைச் சுட்டிக்காட்ட, பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது காகிதத்தோடு நின்றுபோனது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் தன்னை மிரட்டி வேலை ஏவியதை அந்த மாணவர் ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தார். ஏவலும் ஏளனமுமாகத் தொடங்கியது அரிவாளில் முடிந்தது. இதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

கயிறு கட்டுகிற பதிமூன்று வயதுப் பையன்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைய சாதி வெறி இருக்கிறதா? பலருக்கு இருப்பது வேறொரு பயம். ‘நம்ம செட்டு’ மொத்தமும் கட்டியிருக்கும்போது தன் கை மட்டும் வெறுங்கையாக இருந்தால், ‘என்னடா, நீ நம்ம ஆளு இல்லையா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கை நீள்கிறது. பட்டப்பெயர் வைத்து ஒருவனைக் கலாய்க்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பதும் அந்தப் பயத்தில்தான். சிரிக்காவிட்டால் அடுத்த குறி தானாகிவிடுவோமோ என்ற கணக்கு.

இந்தக் கணக்கு பெரியவர்களிடமும் உண்டு. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். அட்டையில் ஒரு கோடு. பக்கத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டியபோது, சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அதையே தாங்களும் சொன்னார்கள். கண்ணுக்கு நேரே தெரிந்ததைக் கூட்டத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தச் சோதனையின் இன்னொரு பகுதிதான் நம் பள்ளிகளுக்கு முக்கியம். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதிலைச் சொல்ல வைத்தார் ஆஷ். கூட்டத்துக்குப் பணிவது ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கியது. துணைக்கு ஓர் ஆள் போதும், பத்துப் பேர் வேண்டாம்.

சந்துரு குழுவின் பரிந்துரைகளை இந்தக் கண்ணோடு படிக்கலாம். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது என்றதுதான் பெரிய சர்ச்சையானது. ஆனால் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற சாதாரணப் பரிந்துரைக்குள் பெரிய காரியம் இருக்கிறது. செட்டு சேர்ந்து பிடித்துவைத்திருக்கும் கடைசி பெஞ்சு கலையும். வேறு நிறக் கயிறு கட்டியவனோடு ஒரு வருஷம் ஸ்கேலும் ரப்பரும் மாற்றிக்கொண்டவனுக்கு, அவனைப் பற்றிய கிண்டலுக்குச் சிரிப்பது அவ்வளவு லேசில்லை. சாதியைச் சொல்லியோ மறைமுகமாகச் சுட்டியோ ஆசிரியர்கள் மாணவரை அழைக்கக் கூடாது என்பதும் அறிக்கையில் உண்டு. வாத்தியாரே ‘நீங்கள்லாம் அப்படித்தானடா’ என்று ஆரம்பித்தால், பையன்களை அதட்ட அவருக்கு வாய் ஏது?

உத்தரவு போட்டுக் கயிற்றை அவிழ்க்கலாம். மரியாதையை வரவழைக்க முடியாது. அது பிள்ளைகளுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அதற்காக யாரும் வீரவசனம் பேச வேண்டியதில்லை. ‘விடுடா, போதும்’ என்று ஒருவன் சொன்னால் போதும். ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தால், அதைவிடப் பெரிது. அப்படிச் செய்கிறவனை மறுநாள் செட்டு பழிவாங்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. புகார் சொன்னவன் பெயர் வெளியே வராமல் இருப்பதும் அதில் அடக்கம்.

வீட்டில், ‘இன்னிக்கு உன்னை யாராவது அடிச்சாங்களா?’ என்று கேட்கிறோம். ‘வேற யாரையாவது கலாய்ச்சாங்களா? அப்ப நீ என்ன பண்ணின?’ என்றும் கேட்கப் பழகுவோம். முதல் நாள் பதில் வராது. தினமும் கேட்கிற வீட்டுப் பிள்ளை, பதில் சொல்லும்படி நடந்துகொள்ளப் பார்க்கும்.