நிவாரணத்துக்கு முன் ஆயத்தம்: ஒடிசா உணர்த்தும் பாடம்

புது தில்லி: புயல் ஓய்ந்த பிறகு நிவாரண நிதி குறித்து நாடாளுமன்றத்தில் எழும் குரல், புயலுக்கு முந்தைய ஆயத்தம் குறித்து எழுவது அரிது.

1999 அக்டோபர் 29-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தினர். எரசமா வட்டாரக் கிராமங்களுக்குள் கடல் புகுந்தபோது, ஒதுங்குவதற்கு உறுதியான கட்டடங்கள் மிகச் சிலவே இருந்தன.

அதன்பின் கடலோரமெங்கும் புயல் காப்பகங்கள் எழுந்தன. கிராமங்களில் ஒத்திகைகள் நடந்தன. 2013-ல் பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேரும், 2019-ல் ஃபானி புயலின்போது 12 லட்சத்துக்கும் அதிகமானோரும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இரு முறையும் மாநிலத்தில் உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை.

காப்பகம் கட்டுவது அரசின் பணி. உரிய நேரத்தில் அங்கு போய்ச் சேருவது குடும்பத்தின் ஆயத்தம். அவல், வெல்லம், குடிநீர், மருந்து, நனையாமல் சுற்றிய நிலப்பத்திரம், குடும்ப அட்டை ஆகியவை அடங்கிய ஒரு மூட்டை. முதியவரை யார் அழைத்துச் செல்வது என்ற முடிவு. கால்நடைகளின் கயிற்றை அவிழ்த்துவிடும் முன்யோசனை. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. தொடர் பயிற்சி தேவை. ஜகத்சிங்பூரின் நோலியாசாஹி கிராமம் 2020-ல் யுனெஸ்கோவிடம் சுனாமி ஆயத்த அங்கீகாரம் பெற்றது.

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்களை உருவாக்கியது. 2025-ம் ஆண்டு திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் தனி ஆணையம் அமைக்க வழிவகுத்தது. ஊராட்சிகளுக்கோ கடமைகள் உள்ளன. தனி ஆணையம் இல்லை. புயல் முதலில் கதவைத் தட்டுவது கிராமத்தில்தான் என்பதை அவை உறுப்பினர்கள் மறந்துவிடலாகாது.