ஊவாத் தோட்டக் குழந்தையும் பல கைகளின் பொறுப்பும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையினின்று எத்திசை நோக்கிப் புறப்படினும் வழிச்செல்வோரைத் தேயிலை மலைகளே எதிர்கொள்ளும். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, பூனாகலை ஆகிய பெயர்கள் ஊவாத் தேயிலையின் மணத்தோடு கடல் கடந்து சென்றவை. மலைச்சரிவின் கீழ்ப்புறத்தே வயல் சூழ்ந்த சிங்களக் கிராமமும், மேற்புறத்தே தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்களும் அமைந்திருத்தல் இங்கே பொதுவான காட்சியாகும். இரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் சிறுவர் நடந்து கடக்கக்கூடியதே. ஆயினும் அவ்விரு இடத்துக் குழந்தைகளையும் ஒருங்கே நிறுத்தி அளப்போர்க்கு வேறொரு தூரம் புலப்படும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டத்துறையில் மட்டும் ஏறத்தாழ 32 பேர். தோட்டத்துறை என்னும் சொல் கணக்காளர் வழங்குவது. இனமும் தொழிலும் வாழிடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்நாட்டில் அது பெரும்பாலும் மலையகத் தமிழரையே சுட்டுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்ட மக்களில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் அவர்களே.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? தோட்டத் தமிழர் உருவிற் சிறியோர், அஃது அவர்தம் மரபு என்று கூறி அமைந்துவிடுவோர் பண்டும் இருந்தனர், இன்றும் உளர். இக்கூற்றினை மேற்காட்டிய கணக்கே மறுக்கின்றது. 2006–07இல் நடைபெற்ற முந்திய ஆய்வில் தோட்டத்துறையின் எண் நூற்றுக்கு ஏறத்தாழ 40 ஆக இருந்தது. பத்தாண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் மரபு மாறுவதில்லை. மாறத்தக்கவை அதன் குடிநீரும், மலசலகூடமும், தாயின் உணவும், குழந்தை பகற்பொழுதைக் கழிக்கும் இடமுமேயாம்.

தோட்டம் ஆதிமுதலே தனியொரு நாடு போல நடத்தப்பட்டு வந்தது. வீடு, நீர், பாதை, மருந்து, பள்ளி யாவும் துரையின் பொறுப்பு. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. கடமை ஏட்டிலே இருந்தது. நாட்டிலே இருந்தது ஓராசிரியர் பள்ளி. பெரும்பாலும் ஓர் அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவுறும் படிப்பு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் மலர்ந்தபொழுதும், 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசினர் ஏற்றபொழுதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன.

அதற்குக் காரணம் கல்வியில் இல்லை, குடியுரிமையில் இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். பதுளையினின்று சென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் விளைவாகத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். வாக்கில்லாத தந்தையின் பிள்ளைக்காகப் பேச எவருமில்லாது போயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எண்களாகப் பார்க்குமிடத்து அது கணக்கு. லயத்திற் பார்க்குமிடத்து அது அண்ணன் நீலகிரிக்கும் தம்பி நமுனுகுலைக்குமாகப் பிரிந்த குடும்பம். படிப்பினை இடையில் விட்டுத் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறிய சிறுவர் தொகை சிறிதன்று. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் வேறெங்கும் காணாத அளவுக்குத் தோட்டங்களில் உயிர்களைக் கொண்டுசென்றது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலைநாட்டினின்று பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் துரத்தின. நாடற்ற நிலை 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலுமே நீங்கிற்று.

இவ்வாறு பல்லாண்டுகளாகச் சேர்ந்த குறையினை ஒருவர் கையால் நீக்கல் ஏன் அரிதாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு குழந்தையின் ஒருநாட் பொழுதை நோக்குதல் போதும். அது உறங்கும் லயம் தோட்டத்திற்கு உரியது. அதன் தாய்க்குக் கூலி கொடுப்பது கம்பனி. அக்கூலியைப் பேசித் தீர்ப்பது தொழிற்சங்கம். அதன் எடையைக் குறிப்பவர் அரசாங்கக் குடும்பநல உத்தியோகத்தர். அது செல்லும் பாடசாலை கல்வித் திணைக்களத்தின் கீழது. பாடசாலைக்குச் செல்லும் தோட்டப் பாதையோ 2018 வரை பிரதேச சபையின் பணம் செல்லமுடியாத பாதை. காலையில் எழுந்து வகுப்பறை புகுவதற்குள் அச்சிறு கால்கள் இத்தனை அதிகாரங்களின் எல்லைகளைக் கடக்கின்றன. ஆகவே அவ்வதிகாரங்கள் யாவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தாலன்றிக் குழந்தைக்கு ஒன்றும் முழுமையாகக் கிட்டுவதில்லை.

அவ்வாறு அமர்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மக்கள் பிள்ளைக்காம்பரா என வழங்கும் சிறுவர் நிலையமே. வெயில் ஏறுமுன் தாய் பிரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். முற்காலத்தில் அவள் கைக்குழந்தையை மலைக்குக் கொண்டுசென்று மரக்கிளையிற் சேலைத் தொட்டில் கட்டிவிட்டுக் கொழுந்தெடுத்தாள். அல்லது எட்டு வயது மூத்த மகளிடம் ஒப்படைத்துச் சென்றாள். பின்னர்த் தோன்றிய பிள்ளைக்காம்பராவும் நெடுங்காலம் குழந்தைகளை அடைத்துவைக்கும் இருட்டறையாகவே இருந்தது. 1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபொழுது, அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் கூடிய ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அது இப்பொழுது பெயர் பெறும். தோட்டத்து வழக்கில் ‘ட்ரஸ்ட்’ எனின் போதும். கூலிப் பேச்சில் எதிரெதிரே இருப்போர் குழந்தை விடயத்தில் ஒருபுறமாக அமர்ந்தமை இதன் புதுமை. பழைய காம்பராக்கள் பல இடங்களில் வெளிச்சமும் நீர்வசதியும் உள்ள நிலையங்களாயின. பொறுப்பாளராகப் பயிற்சி பெற்ற பெண்கள் நியமிக்கப்பட்டனர். எடை பார்த்தலும், தடுப்பூசியும், திரிபோஷா வழங்கலும், முன்பள்ளிப் பாடமும் அங்கே ஒருங்கு சேர்ந்தன.

இதன் பயன் தொட்டிற் குழந்தையோடு முடிவதன்று. தம்பியைக் காத்து லயத்து வாயிலில் அமர்ந்திருந்த அக்காள் பாடசாலைக்குப் போக விடுதலை பெற்றாள். பெண்கல்வி பற்றி மேடையிற் பேசுவோர் இச்சிறு காரணத்தை எண்ணிப் பார்ப்பது அரிது. தோட்டத்துப் பெண்பிள்ளையின் வரவுப் பதிவேட்டை உயர்த்தியதில் பிள்ளைக்காம்பராவுக்குரிய பங்கினைக் குறைத்து மதிப்பிடலாகாது.

சட்டம் மட்டும் இருந்தாற் போதாதோ என வினவலாம். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என விதித்தது. அச்சட்டம் எழுந்து எழுபதாண்டு கடந்த பின்னரும் அசாம் தேயிலைத் தோட்டங்களின் தாய் சேய் நலம் கவலைக்குரியதாகவே உள்ளது. கட்டடம் எழுப்புதற்குச் சட்டம் உதவும். அதனுள்ளே நாள்தோறும் என்ன நடைபெறுகின்றது என்பதைக் கேட்கத் தாய்மாருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

பாடசாலைத் துறையிலும் இதனை ஒத்த வரலாறே காணப்படும். 1970களின் பிற்பகுதி தொடக்கம் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாக ஏற்றது. ஏற்றபொழுது கிடைத்தவை ஒழுகும் கூரைகளும் மாணவர் பெயரேடுகளுமே எனலாம். 1986 முதல் சுவீடன் நாட்டின் உதவியோடு நடைபெற்ற பெருந்தோட்டப் பாடசாலைகள் கல்வி அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களோடு ஆசிரியர் பயிற்சியையும் பெற்றோர் ஒத்துழைப்பையும் சேர்த்து எண்ணியது. ஜெர்மன் நாட்டின் துணையோடு 1990களின் முற்பகுதியிற் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்தினின்றே படித்த இளைஞர் ஆசிரியராக எடுக்கப்பட்டமை இவை யாவற்றினும் பெரிய மாற்றம். வெளியூர் ஆசிரியர் வெள்ளிக்கிழமை நண்பகலில் பஸ் ஏறுவார். லயத்திற் பிறந்த ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமையும் மாணவனின் தந்தையைக் கோயில் முன்றிலிற் சந்திப்பார். ஆயினும் பதுளை மாவட்டத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் மிகச் சிலவே. அவற்றிலும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை.

இனங்களுக்கிடையே பாலமாக நின்றோரையும் ஈண்டு நினைத்தல் தகும். 1972இல் நிறுவப்பட்ட பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகிய லியோ நாணயக்கார, பெரிய மறைமாவட்டமாகிய கண்டியை விட்டு இங்கு வந்தவர். அதே ஆண்டு கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளார், சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஓரவையில் இருத்தி, இருவர்தம் வறுமையும் ஒரு வேரினின்று எழுந்ததே என்று காட்ட முயன்றார். சைவப் பெருமக்கள் தோட்டக் கோயில்களின் திருப்பணிக்குத் திரட்டிய பொருளில் ஒரு சிறு பங்கேனும் அக்காலத்தே இவ்வழியிற் சென்றிருப்பின் நன்றாயிருக்கும்.

மொழிப் பிரச்சினை இதனோடு தொடர்புடையது. சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவிச்சி, தமிழ் மட்டும் அறிந்த தாய்க்குக் குழந்தையின் எடைக்கோடு சரிவதை எவ்வாறு விளக்குவார்? பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓரெழுத்துப் பிழைப்பின் பாடசாலை அனுமதி முதல் அடையாள அட்டை வரை யாவும் தடைப்படும். 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேசச் செயலாளர் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பிரகடனம் தமிழில் எழுதத்தெரிந்த எழுதுவினைஞரைத் தானாகப் படைப்பதில்லை. எனவே ஆசிரியரும் கிராம உத்தியோகத்தரும் தொண்டர் அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் நடமாடும் சேவைகளே பல குடும்பங்களுக்கு உதவின.

கூட்டுப் பொறுப்புக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பலருக்கும் உரிய கடமை ஒருவருக்கும் உரியதன்றாய் மறைந்துபோதல் கூடும். கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் அதற்குத் துயரமான சான்று. அம்மலை வாழ்தற்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கை 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே விடுக்கப்பட்டிருந்தது. மக்களை அகற்றவேண்டியவர் யார்? நிலம் அரசினுடையது, நிருவாகம் கம்பனியினுடையது, வீடு லயம், குடியிருப்போர் சங்க உறுப்பினர். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விடை இருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். மாலையில் அவர்களுட் சிலர்க்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. அன்று மண்ணை அகழ்ந்த கைகளிற் சிங்களவர் கைகளும் தமிழர் கைகளும் இருந்தன. உணவு சுமந்து வந்தோருள் அயற்கிராமத்தாரும் இருந்தனர். இடருக்குப் பின் அவ்வளவு விரைவாகக் கூடிய கூட்டம் இடருக்கு முன்னர் கூடவில்லை. புதிய வீடுகள் 2016இற் கையளிக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன.

மாற்றத்திற்குரிய சட்ட வழி 2018இற் சற்றுத் திறந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்தினுட் பணம் செலவிடத் தடையாய் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கியது. இதன் பொருள், லயத்துக்குச் செல்லும் பாதையும் கிராமத்துக்குச் செல்லும் பாதையும் ஒரே சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறலாம் என்பதாகும். இடம்பெறச் செய்வதற்குத் தோட்டத்து உறுப்பினரும் கிராமத்து உறுப்பினரும் ஒருவர்க்கொருவர் கை உயர்த்தல் வேண்டும். பாதை ஒன்றே சில இடங்களில் இருசாராருக்கும் பொது ஆதலின் அஃது இயலாததன்று.

இந்திய உதவியோடு நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டமும், பின்னர் 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் லயத்தினின்று வெளியேறும் வழியாயின. வீட்டின் சுவரைக் காட்டிலும் அதன் இலக்கம் பிள்ளைகளுக்குப் பெரிதாகலாம். தனிவீடும் தெருப்பெயரும் இலக்கமும் பெற்ற இடங்களில் பரீட்சைப் பெறுபேறும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றன. லயங்களில் இன்னும் வாழும் குடும்பங்களுக்கு அவை தோட்டத்தின் பெயருக்கு வந்து, கந்தோர் மேசையில் யாரேனும் எடுத்துக்கொடுக்கும் வரை கிடக்கின்றன.