கடன் வாங்கும் முன் கைப்பழக்கம்: முயல் வளர்க்க நினைக்கும் உறுப்பினர்களுக்கு



ஆடு, மாடு, நாட்டுக்கோழி என்றால் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடு அசைபோடாமல் நின்றாலே வயிறு உப்பிசம் என்று சொல்லிவிடுவோம். ஆனால் முயல், ஈமு என்று புதுசாக ஒன்று வரும்போது அந்தப் பழக்கம் நம் கையில் இல்லை. "ஜோடி வாங்குங்க, குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் மனசு அசைந்துவிடுகிறது.

2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் நடந்ததை மறக்க வேண்டாம். ஈமு வளர்த்தால் மாதாமாதம் பணம் வரும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் காசு போட்டார்கள். நிறுவனங்கள் மூடப்பட்டன. பறவைகள் தீனியில்லாமல் தவித்தன. கடைசியில் அரசே தீனி போட வேண்டி வந்தது.

அதனால் நாம் சொல்வது இதுதான்: குழுவில் கடன் கேட்கும் முன், முயலுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் சில நாள் கூடவே நின்று பழகுங்கள்.

எங்கே பழகலாம்?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உண்டு. பெரிய ஊர்களில் உள்ள செல்லப்பிராணி மருத்துவமனைகளுக்கு முயல், கினிப் பன்றி, பறவைகள் எல்லாம் வருகின்றன. உங்கள் பகுதி கால்நடை மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. "கையில் பிடித்துப் பழக விடுவீங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

கையும் கண்ணும் கற்க வேண்டியவை

1. பிடிப்பது: காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால், முயல் உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். பின்னங்கால் விளங்காமல் போகும்.

2. எடை: உடம்பு இளைத்தால் ரோமத்துக்குள் தெரியாது. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

3. தீனியும் புழுக்கையும்: முயல் வலியை வெளியே காட்டாது. ஒருநாள் முழுக்கத் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. ஆனால் தன் மெதுவான புழுக்கையைத் தானே தின்பது நோய் அல்ல, அது இயல்பு.

4. பல்: முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும். புல்லைக் கடித்து அரைத்தால்தான் தேயும். தீவனம் மட்டுமே போட்டால் பல் நீண்டு வாயைக் குத்தும். எச்சில் ஒழுகி மோவாய் ஈரமாக இருந்தால் வாயைக் காட்ட வேண்டும்.

5. காது: காதுக்குள் பொருக்கு கட்டி, அடிக்கடி தலையை ஆட்டினால் அது சொறிப்பூச்சி. பக்கத்துக் கூண்டுக்கும் பரவும். அந்த முயலை உடனே தனியாகப் பிரியுங்கள்.

6. வெயில்: முயலுக்குக் குளிர் தாங்கும், சூடு தாங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலும் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாவிட்டால் கூண்டிலேயே செத்துப்போகும்.

மருந்தில் உஷார்

ஆட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கிற மாத்திரையை முயலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கழிச்சல் கண்டு சாகும். நாய் உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். வைத்தியம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான். நாம் கற்க வேண்டியது கவனிப்பது, பிடிப்பது, அவர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் கொடுப்பது.

நம் உடம்பையும் பார்க்க வேண்டும். முயலிடமிருந்து படர்தாமரை நமக்கும் தொற்றும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சட்டமும் தெரியட்டும்

வளர்க்கக் கூடியது ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற பண்ணை முயல்களைத்தான். காட்டு முயல், பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசைக்கு வாங்கினாலும் அபராதமும் சிறையும் வரலாம்.

குழுக் கூட்டத்தில் கேளுங்கள்

• கடன் கேட்கும் உறுப்பினர் எத்தனை நாள் பழகியிருக்கிறார்?
• முயலுக்கு வைத்தியம் தெரிந்த மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?
• குட்டியையும் கறியையும் யார் வாங்குவார்? நம் சந்தையில் விலை விசாரித்தாயிற்றா?
• பாதி முயல் செத்தால் தவணை எப்படிக் கட்டுவார்?

இந்த நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் தீர்மானம் எழுதுங்கள். முதலில் ஒரு ஆணும் இரண்டு மூன்று பெண்ணுமாக வாங்கி, ஒரு கோடையைத் தாண்டிப் பாருங்கள். கை பழகின பிறகு பெருக்கிக்கொள்ளலாம். அதுவரை குழுப் பணம் குழுவிலேயே பத்திரமாக இருக்கட்டும்.