வெளுத்ததெல்லாம் நல்ல தண்ணீரா? (நீரும் நிறமும் - 9)

நாலைந்து வருஷம் வெயில் தின்ற வெளிச்சுவரில் சாய்ந்துவிட்டு எழுந்தால் சட்டை முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். மட்டமான பெயின்ட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். அது பாதிதான் உண்மை. மீதி வேலையை வெயிலும் பெயின்டுக்குள் இருக்கும் வெள்ளை நிறமியும் கூட்டுச் சேர்ந்து செய்கின்றன. நிறமியின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. புற ஊதாக் கதிர் பட்டால் தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே அது அரித்துவிடும். பசை போனால் பொடி உதிராமல் என்ன செய்யும்? இந்தக் குணத்தை அடக்கத்தான் பெயின்ட் கம்பெனிகள் நிறமித் துகளுக்கு சிலிக்கா, அலுமினா என்று மேலுறை போடுகின்றன.

அவர்கள் அடக்கப் பார்க்கும் குணத்தைச் சாயத்தின் மேல் ஏவிவிட்டால்? 1938-லேயே லண்டனில் குடீவ், கிச்சனர் என்ற இருவர், இந்த நிறமியோடு சேர்ந்த சாயம் ஒளியில் வெளுப்பதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் 1972-ல்தான் இந்தத் துறை சூடுபிடித்தது. டோக்கியோவைச் சேர்ந்த ஃபுஜிஷிமாவும் அவருடைய பேராசிரியர் ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாய் தண்ணீரையே பிளக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதிய வருஷம் அது.

நடப்பது இதுதான். ஒளி பட்டதும் உள்ளே ஓர் எலக்ட்ரான் எழுந்து ஓடும். அது இருந்த இடம் காலியாகும். காலியான இடம் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். அப்போது பிறப்பது ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துணுக்கு. கண்ணிமைக்கும் நேரம்கூட உயிரோடிருக்காது. அதற்குள் எதிரே எந்தக் கரிமப் பொருள் வந்தாலும் கடித்துவிடும். சாயமும் கரிமப் பொருள்தானே.

பொடியாகவே தண்ணீரில் கலக்கினால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் நானோமீட்டர் கணக்கில் இருக்கும் அந்தப் பொடியை அப்புறம் யார் வடிகட்டுவது? ஓர் அழுக்கை எடுக்கப் போய் இன்னொன்றைக் கரைத்த கதையாகிவிடும். அதனால்தான் மெல்லிய படலம் வந்தது. கண்ணாடித் துண்டைக் கரைசலில் முக்கி, நிதானமாக மேலே இழுத்து, உலையில் 450, 500 டிகிரியில் சுட்டால், கண்ணாடியோடு ஒட்டிய படலம் கிடைக்கும். தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள். சூடான கண்ணாடிமேல் கரைசலைப் பீய்ச்சியும் படியவைக்கலாம். வேலை முடிந்தால் எடுத்துக் கழுவி மறுபடி வைக்கலாம்.

ஆய்வகங்களில் இதைச் சோதிக்க வழக்கமாக எடுப்பது மெத்திலின் நீலம். லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். வரிசையாக வைத்த குப்பிகளில் நீலம் படிப்படியாக மங்கிக் கடைசிக் குப்பி பளிங்குபோல் நிற்கும். பத்திரிகைக்கு அருமையான படம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும். மெத்திலின் நீலம் சிதையாமலே நிறம் இழக்கக்கூடியது. காற்றுப் படக் குலுக்கினால் நீலம் திரும்பிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் குளுக்கோஸும் காஸ்டிக் சோடாவும் போட்டு வித்தையாகவே இதைக் காட்டுவார்கள். உண்மையிலேயே சிதைந்தாலும் முதலில் உடைவது நிறம் தரும் பகுதி. மிச்சத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே கிடக்கலாம். தண்ணீரில் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால்தான் விஷயம் வெளிவரும்.

இதே கண்ணாடியைத் திருப்பூர்ச் சாயத்தண்ணீரில் வைப்போம். சாயப்பட்டறைக் கழிவு கறுத்திருந்தால் வெளிச்சத்தைத் தண்ணீரே குடித்துவிடும். படலத்துக்கு என்ன மிஞ்சும்? டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரோ வெயிலில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். இரும்பு ஆக்சைடு, பிஸ்மத் வனடேட் என்று கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் படலங்களைத் தேடுவது அதனால்தான்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். உப்பை என்ன செய்வது? பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அடர்ந்த நிறத்துக்குச் சாயத்தொட்டியில் அதைவிடக் கூடுதலாகவும் போடுவார்கள். படலம் உப்பைத் தொடாது. போதாததற்கு, உப்பில் உள்ள குளோரைடு அந்த ஹைட்ராக்சிலையே விழுங்கி வேலையைக் கெடுக்கும். நொய்யல் கரைக்காரர்களிடம் கேட்டால் நிறத்தோடு நிறுத்த மாட்டார்கள். கிணறு உப்பானதையும் மண் கெட்டதையும்தான் சொல்வார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில், தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே வழக்காடும்படி ஆயிற்று.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்ட பிறகே அவை இயங்க முடிந்தது. இப்போது அங்கே உயிரிச் சுத்திகரிப்பு, சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கல் என்று தண்ணீர் பல படி ஏறி இறங்குகிறது. என் கணிப்பில் ஒளிப் படலத்துக்கு அங்கே ஓர் இடம் இருந்தால், அது நடுவில்தான்: உயிரிச் சுத்திகரிப்பு முடிந்தும் போகாமல் நிற்கும் வெளிறிய சாயத்தை, சவ்வை அடைக்கும் முன்பே தின்றுவிடுகிற இடம்.

சவ்வு ஒதுக்கித் தள்ளும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, உப்பை மூட்டையில் பிடிக்கும் இடத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)